கடைசிக் கட்டம்

ராயபுரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்ததும் என் மாமியார் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் விஷயம், பேப்பரம்மாவிடம் நம் வீட்டுப் பெரியவர்கள் பெயரைச் சொல்லக் கூடாது என்பதுதான். உப்பு எந்த ஜாடியில் இருக்கிறது, குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான் சொன்னார்.

“ஏன் அத்தே?” என்று கேட்டேன்.

“பேரு தெரிஞ்சா தேடிடும்மே அது. தேடினா கண்டுபிடிச்சிடும்” என்றார்.

எங்கள் தெருக்கோடியில், ரயில் லைனுக்குப் போகிற சந்தின் முனையில் பேப்பரம்மாவின் குடோன் இருந்தது. முன்பக்கம் பழைய காகித வியாபாரம், பின்பக்கம் வீடு. ஹார்பரிலிருந்து பறந்து வரும் கரித்தூள் எங்கள் வீட்டுக் கொடியில் காயும் துணியிலெல்லாம் படியும். அந்தக் குடோனுக்குள் காகிதத் தூள். போய்விட்டு வந்தால் அன்று முழுக்கத் தும்மல்தான்.

அப்போது அவருக்கு ஐம்பதை ஒட்டி இருக்கும். ஒடிசலான உடம்பு, ஆனால் கனத்த குரல். தராசு பிடிப்பதும், கட்டு கட்டுவதும், பொட்டலம் மடிக்கிறவர்களிடம் பேரம் பேசுவதும் எல்லாம் அவர்தான். அவருடைய கணவர் கடைக்குள் வந்து நான் பார்த்ததில்லை. பின்கட்டில் சுவரோரமாக உட்கார்ந்து, கைக்குக் கிடைத்த தாளை நீள நீளமாகக் கிழித்துக்கொண்டிருப்பார். யாரையும் ஏசமாட்டார், அடிக்கமாட்டார். அந்தக் கிழிபடும் சத்தம் மட்டும், நாம் கடையில் நிற்கிற வரை, உள்ளேயிருந்து வந்துகொண்டே இருக்கும். பேப்பரம்மா அதைக் காதில் வாங்கிய மாதிரியே தெரியாது.

ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணம் காலியான காலத்தில், சர்க்கார் கச்சேரிகளெல்லாம் வெளியூருக்கு மூட்டை கட்டின. அந்தக் குழப்பத்தில் எங்கிருந்தோ கழித்துக்கட்டிய காகிதம் வண்டி வண்டியாகக் குடோனுக்கு வந்து இறங்கியதாம். அதில் சில கட்டுகள் பழைய ஜனக்கணக்கு. ஒரு காலத்தில் வீடு வீடாகப் போய், உள்ளே யார் யார் இருக்கிறார்கள், என்ன வயது, என்ன தொழில் என்று கையால் எழுதிவைத்தவை. ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் தொடங்கி எண்ணூர் கழிமுகத்துக் குப்பங்கள் வரை இருந்தன. மற்றதெல்லாம் வெற்றிலை பாக்கு மடிக்கப் போயிற்று. இந்தக் கட்டுகளை மட்டும் அவர் விற்கவில்லை. கணவரின் கைக்கு எட்டாத உயரத்தில் ஒரு பலகை அடித்து ஏற்றிவைத்துவிட்டார்.

அந்த எழுத்தைப் பிறகு நானே பார்த்திருக்கிறேன். எட்டாவது வரை படித்தவள் நான். எவ்வளவு கண்ணை இடுக்கியும் முதலில் ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. மை பழுப்பேறி, தாளோடு தாளாகப் போயிருந்தது. செல் அரித்த இடத்தில் பாதிப் பெயர் காணவில்லை. அந்தக் காலத்தில் எழுத்துக்குப் புள்ளி வைக்கிற பழக்கம் கிடையாது. ரகரமும் துணைக்காலும் ஒரே மாதிரி இருக்கும். சொல்லுக்குச் சொல் இடைவெளியும் விடமாட்டார்கள். ஒரு வரியில் ‘பரபபர’ என்று கிடந்தது. எனக்கு அது ஏதோ பறவை றெக்கை அடிக்கிற சத்தம் மாதிரி இருந்தது. பேப்பரம்மா ஒரு பார்வை பார்த்துவிட்டு, “பாப்பா” என்றார். அதற்குப் பிறகு எவ்வளவு முயன்றாலும் அதை வேறு விதமாகப் படிக்க முடியவில்லை. அவர் ஒரு சொல்லைச் சொல்லிவிட்டால் அப்படித்தான்.

படிப்பதெல்லாம் காலை வேளையில். வாசல் வெளிச்சம் தாளின் மேல் சாய்வாக விழும்படி உட்காருவார். விரலால் தொடமாட்டார். தென்னை ஈர்க்கு ஒன்றை வைத்துக்கொண்டு, எழுதினவனின் கை போன வழியிலேயே அந்தரத்தில் எழுதிப் பார்ப்பார். “இவன் மூக்குப்பொடி போடறவன். நடு நடுவுல கை ஒதறி கீது” என்பார். “இவன் பசியோட எழுதிகினு கீறான். கடைசி ரெண்டு வூட்ட அவசரமா முடிச்சிட்டான்” என்பார். செத்துப்போன அந்த மனிதர்களைப் பக்கத்து வீட்டுக்காரர்கள்போலப் பேசுவார்.

‘தெரியவில்லை’ என்று அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை. “எழுதுனவன் ஒண்ண நெனச்சுதானே எழுதினான்? அத நாம புடிக்கணும். அவ்ளோதான்” என்பார். ஒரு வரியைத் தொடங்கிவிட்டால் பாதியில் நிறுத்தவும் மாட்டார். பெயர், வயது, சாதி, தொழில் என்று போய்க் கடைசிக் கட்டம் வரை படித்துவிட்டுத்தான் ஈர்க்கைக் கீழே வைப்பார்.

அந்தக் கடைசிக் கட்டத்தின் தலைப்பு ‘அங்கவீனம்’. ஊமை, செவிடு, குருடு, கை கால் ஊனம், பைத்தியம், குஷ்டம். இவற்றில் ஏதாவது இருந்தால் அங்கே எழுதவேண்டும். பெரும்பாலான வீடுகளுக்கு நேராக ஒரு சிறு கோடு மட்டும் இருக்கும். சில வீடுகளில் ஓர் எழுத்து இருக்கும். முழுச் சொல்லையும் எழுத அந்தக் கணக்கெடுப்புக்காரர்களுக்குப் பொறுமை இருக்கவில்லை.

ஜப்பான்காரனுக்குப் பயந்து ரங்கூனிலிருந்து நடந்தே வந்தவர்களில் ஒருவர், நடுத்தர வயதுக்காரர், ஒரு நாள் குடோனைத் தேடி வந்தார். நான் அன்று அடுப்பு பற்றவைக்கக் கழிவுக் காகிதம் வாங்கப் போயிருந்தேன். அவருக்குத் தெரிந்ததெல்லாம் தன் அப்பாவைப் பெற்ற ஆயாவின் பெயரும், வீடு இங்கே கல்மண்டபத்துப் பக்கம் என்பதும்தான். அப்பாவும் அம்மாவும் வழியிலேயே இறந்துவிட்டார்கள். பேப்பரம்மா கட்டை இறக்கிப் பிரித்தார். கொஞ்ச நேரத்தில் ஈர்க்கு ஓரிடத்தில் நின்றது.

“இந்தா, உங்க ஆயா. இது உங்கப்பன். வயசு மூணு.”

அந்த மனிதர் சிரித்தார். பிறகு சிரித்துக்கொண்டே அழுதார். “மூணா? எங்கப்பாவுக்கு மூணு வயசா?” என்று என்னைப் பார்த்து, ஏதோ அவருக்குக் குழந்தை பிறந்த மாதிரிச் சொன்னார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. பேப்பரம்மாவின் ஈர்க்கு நிற்கவில்லை. நகர்ந்து கடைசிக் கட்டத்துக்குப் போயிற்று.

“ஆயாவுக்கு நேரா ஊன்னு போட்டு கீது. ஊமை.”

அவர் அழுகையை நிறுத்தினார். “இல்லம்மா. எங்க ஆயா அதச் சொல்லும், இதச் சொல்லும்னு எங்கப்பாரு தெனம் ஒரு கதை சொல்லுவாரே.”

“எழுத்து அப்படித்தான் கீது” என்றார் பேப்பரம்மா.

“அப்போ அதெல்லாம் யாரு சொன்னது?” என்று கேட்டார் அவர். யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை. காசு கொடுக்கக் கையை நீட்டினார். பேப்பரம்மா வாங்கவில்லை, யாரிடமும் வாங்கமாட்டார். அவர் சந்து முனையைத் தாண்டிப் போகிற வரை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். உள்ளே காகிதம் கிழிபடும் சத்தம் கேட்டது.

என் நாத்தனார் தனத்துக்குத் திருவொற்றியூரில் இடம் கூடிவந்தது இதற்கு அடுத்த வருஷம். மாப்பிள்ளை மாணிக்கம் எண்ணூர் ரோட்டில் ஒரு பாக்டரியில் வேலையாக இருந்தான். தனம் கைமிஷின் வைத்து ரவிக்கை தைப்பாள். தைத்துக்கொண்டே பாடுவாள், பாடிக்கொண்டே சிரிப்பாள். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் சரக்குத் தூக்குகிற வின்ச்சு ஓட்டிவிட்டுக் களைத்து வருவார். அவளைப் பார்த்ததும் முகம் மாறிவிடும். தாம்பூலம் மாற்றியாயிற்று. முகூர்த்தப் புடவையும் எடுத்தாயிற்று.

அந்த வாரம் மாணிக்கத்தின் அம்மா எங்கள் வீட்டுக்கு வராமல் நேரே குடோனுக்குப் போயிருக்கிறார். என் மாமனாரின் அப்பா பெயரைச் சொல்லியிருக்கிறார். சம்பந்தம் பேசும்போது நாங்களே சொன்ன பெயர்தான் அது. சாயங்காலம் தாம்பூலத் தட்டு எங்கள் வாசலுக்குத் திரும்பி வந்தது. கொண்டுவந்தவர் உள்ளே வரவில்லை, தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. “பெரிய வியாதிக் குடும்பம்னு ஏன் மறச்சீங்க?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

என் மாமியார் அந்தத் தட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். “நான் இந்த வூட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே செத்தாருடி அந்த மனுஷன். கண்ணு தெரியாதுன்னுதான் என் காதுல வுழுந்துது. குஷ்டம்னு யாரும் சொன்னதே இல்லியே” என்றார். கேட்டுத் தெரிந்துகொள்ள என் மாமனாரும் உயிரோடு இல்லை. அடுத்து, குரலைத் தாழ்த்தி, “சொல்லுவாங்களா?” என்று தன்னையே கேட்டுக்கொண்டார். அந்தக் கேள்வி அன்றைக்கு எங்கள் வீட்டுக்குள் புகுந்தது.

தனம் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. முதலில் முழங்கையில் ஒரு தேமலைப் பார்த்தாள். கண்ணாடியை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் முதுகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அந்த வியாதி வந்த இடத்தில் வலி தெரியாது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, தைக்கிற ஊசியால் விரல் நுனிகளைக் குத்திப் பார்த்துக்கொண்டாள். “அண்ணி, இங்க தொடுங்க. இந்த எடம் மரத்தாப்புல இல்ல?” என்பாள். நான் தொடுவேன். “ஒண்ணும் இல்லடி” என்பேன். திரும்பவும் காட்டுவாள்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனோம். டாக்டர் கையையும் காலையும் காது மடலையும் பார்த்துவிட்டு, ஒன்றுமே இல்லை என்றார். தாத்தாவுக்கு இருந்தாலும் பேத்திக்கு ரத்தத்தில் வருகிற வியாதி அல்ல என்றும் பொறுமையாகச் சொன்னார். டிராம் நிற்கிற இடத்துக்கு நடந்து வரும்போது தனம் சொன்னாள்: “டாக்டரு வாயால சொன்னாரு அண்ணி. பேப்பரம்மா சொன்னது எழுத்துல கீது.”

மாணிக்கம் ஒருநாள் தன் அம்மாவுக்குத் தெரியாமல் வந்தான். நல்ல பையன். வாசலிலேயே நின்று, “எனக்கு அதெல்லாம் ஒரு பேஜாரும் இல்லீங்க. எங்கம்மாவ நான் பார்த்துக்கறேன். உங்க நாத்தனார ஒரு வார்த்த சொல்லச் சொல்லுங்க” என்றான். நான் உள்ளே ஓடினேன். தனம் கதவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறது.

“வேணாம்னு சொல்லிடுங்க அண்ணி. எனக்கே சந்தேகம் கீது” என்றாள்.

நான் சொன்னதும் அவன் வாசலோடு திரும்பிப் போனான்.

அதற்குப் பிறகு ஒரு காலை. தண்ணீர் பிடித்துக்கொண்டு சமையலறைக்குள் நுழைகிறேன், தனம் அடுப்பின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறாள். வலது உள்ளங்கை பழுக்கக் காய்ந்த தோசைக்கல்லின் மேல் இருக்கிறது. குடத்தைப் போட்டுவிட்டு அவள் கையைப் பிடித்து இழுத்தேன். தோல் கல்லிலேயே ஒட்டிக்கொண்டது. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணிலிருந்து நீர் வழிகிறது, முகமெல்லாம் சிரிப்பு.

“சுடுது அண்ணி! நல்லா சுடுது!” என்றாள்.

வாழை இலையைச் சுற்றி, துணியைக் கட்டி, அவளை இழுத்துக்கொண்டு நேரே குடோனுக்குப் போனேன். என் மாமியார் பின்னால் கூப்பிட்டது கேட்டது. நிற்கவில்லை. பேப்பரம்மா தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் முன்னால் தனத்தின் கையில் கட்டிய துணியைப் பிரித்து, “இதப் படிங்க” என்றேன்.

பேப்பரம்மா கையைப் பார்த்தார். பதறவில்லை. புண்ணைச் சுற்றியிருந்த நல்ல தோலில் நகத்தால் மெல்ல அழுத்தினார்.

“வலிக்குதா பொண்ணு?”

“வலிக்குது.”

“இங்க?”

“வலிக்குது.”

“அப்போ உனக்கு இல்ல. வூட்டுக்குப் போய் மருந்து போடு” என்றார்.

“எங்க தாத்தாவுக்கு?” என்று கேட்டாள் தனம்.

பேப்பரம்மா திரும்பத் தராசுத் தட்டைத் துடைக்கத் தொடங்கினார். தனத்தின் கையை மறுபடி கட்டி, முன்படியில் உட்காரவைத்துவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன். “எடுங்க. நான் பார்க்கணும்” என்றேன். அவர் மறுப்பார் என்று நினைத்தேன். ஏணி போட்டு ஏறி, கட்டை இறக்கி, எங்கள் வீட்டு வரியைக் காட்டினார். கடைசிக் கட்டத்தில் ‘கு’ என்று ஓர் எழுத்து. அதன் வாலில் ஒரு நீண்ட இழுப்பு. அவ்வளவுதான்.

“இது கு மட்டும்தானே?”

“ஆமா.”

“குருடுன்னு படிக்கலாமே.”

“படிக்கலாம்” என்றார் பேப்பரம்மா. “நான் படிக்கல.”

எழுத்தைப் பார்ப்பதில் அவர் தவறிவிட்டார் என்று சண்டை போடத்தான் வந்திருந்தேன். இரண்டு விதமாகவும் படிக்கலாம் என்று தெரிந்தேதான் சொல்லியிருக்கிறார் என்பதை நான் எதிர்பார்க்கவில்லை.

“ஏம்மா?” என்றேன்.

அவர் வேறொரு கட்டை இழுத்தார். தண்டையார்பேட்டைக் கட்டு. தேடாமலேயே ஒரு பக்கத்தைத் திருப்பினார். பலமுறை திருப்பியதால் அந்தத் தாளின் ஓரம் மட்டும் பஞ்சாகிப் போயிருந்தது. ஈர்க்கு கடைசிக் கட்டத்தில் நின்றது. ‘பை’ என்றிருந்தது.

“என் வூட்டுக்காரரோட பாட்டன்” என்றார். “அவருக்கப்புறம் பெரியப்பன். என்னக் கட்டிக்குடுக்கும்போது இந்தத் தெருவுக்கே தெரியும். ஒருத்தரும் வாயத் தொறக்கல. கண்ணாலம் ஆகி புள்ள பொறக்கறதுக்குள்ள இந்த மனுஷன் இப்படி ஆயிட்டாரு. கொழந்தையத் தூக்கிகினு எங்கம்மா ஊரோட போயிட்டாங்க. அப்புறம் இந்தக் கட்டுங்க வந்து எறங்குது. நான் மொத மொத எழுத்துக்கூட்டிப் படிச்சது இந்த வரிதான்.”

பின்கட்டில் ஒரு தாள் நிதானமாகக் கிழிந்தது.

“பைன்னா இன்னா வேணா இருக்கலாம். நல்லதா ஒண்ணு நெனச்சுக்கலாம். நெனச்சுகினுதானே என்னைத் தள்ளிவுட்டாங்க. ரெண்டுல ஒண்ணுன்னு வந்தா நான் கெட்டதத்தான் படிப்பேன். நல்லதப் படிச்சு, அது கெட்டதாப் போச்சுன்னா எவ வந்து நிப்பா அந்தப் பொண்ணு பக்கத்துல?”

“கெட்டதப் படிச்சதுக்கு இதோ நிக்குதே ஒரு பொண்ணு” என்றேன், வாசலைக் காட்டி.

பேப்பரம்மா வாசல் பக்கம் திரும்பினார். தனத்தின் முதுகு தெரிந்தது. கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, தெருவில் போகிற மீன்கூடைக்காரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டைக் கயிற்றால் இறுக்கி முடிச்சுப் போட்டார். “எழுத்த என்னால மாத்த முடியாது” என்றார்.

ரங்கூன்காரரின் ஆயா எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தார். ‘ஊ’ என்பது ஊனமாகவும் இருந்திருக்கலாம். கால் விந்தி நடந்துகொண்டு, வாய் ஓயாமல் பேசிய ஒரு ஆயாவாக இருந்திருக்கலாம். அந்த மனிதரைத் தேடிப்பிடித்துச் சொல்ல எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை.

தனத்தின் கை ஆறியது. விரல்கள் பழையபடி நீளவில்லை. மிஷின் சக்கரத்தை இடது கையால் சுற்றப் பழகிக்கொண்டாள். பாடுவதில்லை. மாணிக்கத்துக்கு அடுத்த தை மாதம் மீஞ்சூர்ப் பக்கம் பெண் எடுத்தார்கள். அதற்குப் பிறகு வந்த இரண்டு இடங்களைத் தனமே வேண்டாமென்றாள். கடைசிவரை எங்களோடுதான் இருந்தாள். என் பிள்ளைகளைத் தூக்கமாட்டாள். தூக்கச் சொன்னால், “கை வலிக்குது” என்பாள்.

இந்த விஷயம் தெருவெல்லாம் தெரிந்ததும் குடோனுக்கு யாரும் போகமாட்டார்கள் என்று நினைத்தேன். நடந்தது வேறு. முன்னைவிட அதிகம் பேர் போனார்கள். தட்டு மாற்றுவதற்கு முன்னால் பேப்பரம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்பது எங்கள் பக்கத்தில் வழக்கமாகவே ஆகிவிட்டது. கல்யாணத் தரகர்கள் காலையிலேயே வந்து உட்கார்ந்திருப்பார்கள். பெண் வீட்டார் முன்பக்கம் இறங்கினால், மாப்பிள்ளை வீட்டார் சந்துப்பக்கம் நின்றுகொண்டிருப்பார்கள். அவர் எல்லோருக்கும் படித்தார். ஒருவருக்கும் வலியப் போய்ச் சொல்லவில்லை. கேட்டவர்களுக்கு மறைக்கவும் இல்லை. கணவர் இறந்த பிறகும், கிழிக்க ஆளில்லாத அந்த வீட்டில், கட்டுகளை உயரத்திலேயேதான் வைத்திருந்தார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில் ஒரு மழைக்காலத்தில் அவர் காலமானார். மார்ச்சளி முற்றிப் போயிற்று. மகன் எங்கிருந்தோ வந்து கொள்ளி வைக்க நின்றான். அம்மாவின் முகத்தை அவனுக்கு அடையாளம் தெரிந்ததா என்று எனக்குச் சந்தேகம். ஆண்களெல்லாம் பாடையைத் தூக்கிக்கொண்டு காசிமேட்டுப் பக்கம் போனார்கள். வீட்டைக் கழுவிவிட நாங்கள் பெண்கள் மட்டும் இருந்தோம்.

கொஞ்ச நேரம் எல்லோரும் தண்ணீர் ஊற்றித் தள்ளினோம். பிறகு யாரோ ஒருத்தி விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு ஏணியை எடுத்தாள். யாரும் ‘ஏன்’ என்று கேட்கவில்லை. கட்டுகள் ஒவ்வொன்றாக இறங்கின. கயிறுகள் அவிழ்ந்தன. ஈரத் தரையில் முந்தானையை விரித்து, எல்லோரும் தாள்களைப் புரட்டத் தொடங்கினார்கள். தங்கள் வீட்டுத் தாளைத் தேடுகிறார்கள் என்பது எனக்குப் புரிந்தது. எதிர்வீட்டுத் தாளையும் தேடுகிறார்கள் என்பதும் புரிந்தது. ஆனால் ஒருத்திக்கும் ஓர் எழுத்தும் விளங்கவில்லை. தலைகீழாகப் பிடித்துப் பார்த்தவர்கள்கூட இருந்தார்கள்.

கடைசியில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“நீதான் அது கூட ஒக்காந்து பார்த்தவளாச்சே. எங்க வூடு எதுன்னு சொல்லு” என்று ராஜாத்தி ஒரு கற்றையை என் மடியில் வைத்தாள். எங்கள் வீட்டுக்கு மூன்றாவது வீடு. அவளுக்குக் கல்யாணத்துக்கு இரண்டு பெண்கள் இருந்தார்கள். மாட்டேன் என்று எழுந்து போயிருக்கலாம். அவள் என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். வாசல் வெளிச்சத்துக்கு நகர்ந்து, அவள் மாமனார் வீட்டுப் பெயர்களை ஒவ்வொன்றாகக் கேட்டு, புள்ளியில்லாத எழுத்துகளுக்குள் கஷ்டப்பட்டுத் தேடினேன். கிடைத்தது. பெயர்களைப் படித்தேன். வயதுகளைப் படித்தேன். கடைசிக் கட்டத்துக்கு வந்தேன். அந்த வீட்டில் ஒவ்வொருவருக்கு நேராகவும் ஒரு சிறு கோடு மட்டும் இருந்தது.

“ஒண்ணும் இல்ல ராஜாத்தி. வெறும் கோடுதான்” என்றேன். மனம் லேசாகிவிட்டது. சிரித்துக்கூட இருப்பேன்.

“கோடா?”

“ஒரு கொறையும் இல்லன்னு அர்த்தம்.”

ராஜாத்தி என் முகத்தையே பார்த்தாள். மற்றவர்களும் பார்த்தார்கள். தனம் சுவரோரம் நின்று, அவளும் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மறுபடியும் தாளைக் காட்டி, “பாரேன், கோடு” என்றேன்.

“பேப்பரம்மா இருந்திருந்தா நெசத்தச் சொல்லியிருக்கும்” என்றாள் ராஜாத்தி, என்னிடமில்லை, பக்கத்தில் இருந்தவளிடம்.

அந்தத் தாளைக் கட்டிலிருந்து உருவி நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். இந்தப் பழைய எழுத்தைப் படிக்கிறவர் வேறு யாராவது திருவொற்றியூர்ப் பக்கம் இருக்கிறார்களா என்று விசாரித்துக்கொண்டே படியிறங்கிப் போனாள்.